குடல் அழற்சி: யாரிடம் கேட்பது, எதை நம்புவது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். 24 வயது மகனுக்கு ஆறு மாதத்துக்கு முன் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். மெசலாசைன் மாத்திரை சாப்பிடுகிறான், இப்போது பரவாயில்லை. டாக்டரிடம் எதையும் நிதானமாகக் கேட்க முடிவதில்லை. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களில் ஒருவர் பாலை நிறுத்து என்கிறார், இன்னொருவர் மாத்திரையையே நிறுத்து என்கிறார். யாரை நம்புவது?

பதில்: அம்மா, முதலில் ஆஸ்பத்திரியில் கேட்டு கொலனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். நோயின் சரியான பெயரும், குடலில் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதும் அதில் இருக்கும். அது தெரியாமல் தேடினால் அடுத்தவர் நோய்க்கான பதில்தான் கையில் வரும்.

‘குடல் நோய்’ என்று பொதுவாகத் தேடினால் ஐபிஎஸ் (குடல் சரியாக இயங்காத கோளாறு) பற்றிய பேச்சுதான் நிறைய வரும். அதில் வயிறு வலிக்கும், மலம் கழிப்பது மாறும். ஆனால் குடலில் புண் இருக்காது. உங்கள் மகனுக்கு இருப்பது ஐபிடி எனும் குடல் அழற்சி நோய்களில் ஒன்று. பெருங்குடலின் உட்புறம் அழற்சியாகிப் புண்படும். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைக்கலாம், அதனால் மட்டும் இந்தப் புண் ஆறாது. கொலைட்டிஸிலேயே நோய் மலக்குடலோடு நிற்பவர்களுக்கு ஆசனவாய் வழியே வைக்கும் மருந்துதான் பெரும்பாலும் முதல் சிகிச்சை. மேலே பரவியவர்களுக்கு மாத்திரையும் வேண்டும். அறிகுறி தொடங்கி 8 ஆண்டுகள் ஆன பிறகு புற்றுநோய்க்கான கொலனோஸ்கோபி பரிசோதனையும் அவசியம்.

மாத்திரையை நிறுத்தச் சொன்ன வீடியோவை அழித்துவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதும் மெசலாசைன் சாப்பிடுவது நோய் திரும்பாமல் இருக்கத்தான். பின்னால் அழற்சியை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. ‘இயற்கை மருந்து’ என்று விற்றவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மூலிகைப் பொட்டலத்தில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் அரசுப் பதிவு எண் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

சரி, யாரிடம் கேட்பது? மாத்திரை பற்றிய சந்தேகங்களை ஆஸ்பத்திரி பார்மசிஸ்டிடம் கேளுங்கள். மருந்து வாங்கும் கவுண்டரிலேயே கேட்கலாம், பலரும் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். டாக்டருக்கு மூன்றே கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள், முக்கியமானது முதலில் இருக்கட்டும். இதே நோயோடு வாழ்பவர்களிடம் பேச கிரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் சொசைட்டி ஆஃப் மலேசியா என்ற சங்கம் இருக்கிறது (கிரோன்ஸ் என்பது இன்னொரு வகை ஐபிடி). இங்கே மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களிடம் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. ஆனாலும் கழிப்பறை விஷயம் என்று நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆங்கிலத்தில் படிப்பதென்றால் பிரிட்டனின் கிரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் யூகே எளிமையாக எழுதுகிறது. தமிழில் அந்த அளவுக்கு இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் அறைக்குள் மகன் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேசட்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறான், ரத்தம் எவ்வளவு என்பதை அம்மா முன்னால் 24 வயதுப் பையன் குறைத்துத்தான் சொல்வான். அப்புறம் வீட்டில் உங்களுக்கும் அவனே விளக்கட்டும்.

ஒரே நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ படபடப்போ இருந்தால், அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள். அந்த அறிக்கை நகலும் கையில் இருக்கட்டும்.