குட்டை மயிர் வேட்டை நாயும் குளிர்காலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விஸ்லா என்ற குட்டை மயிர் வேட்டை நாய் எங்களிடம் இருக்கிறது, இரண்டு வயது. எத்தனை டிகிரி குளிர் வரைக்கும் வெளியே கூட்டிப் போகலாம் டாக்டர்? ஒரு கணக்கு சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்கு சொல்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆரோக்கியமான நாய் எதற்கும் பெரிய தொல்லை இல்லை. 0 டிகிரியை நெருங்கினால் குட்டை மயிர் நாய் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். மைனஸ் 7-க்குக் கீழே போய்விட்டால் வேட்டை வேலையை நேரம் குறித்துச் செய்து, சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.

இதெல்லாம் காற்றில்லாத, ஈரமில்லாத நாளுக்கான கணக்கு. மழைத் தூறலும் காற்றுமாக இருக்கும் 5 டிகிரி, வெயிலடிக்கும் மைனஸ் 5-ஐவிடக் கொடியது. நாயின் மயிருக்குள் தங்கும் காற்றுதான் அதற்குப் போர்வை. மயிர் நனைந்ததும் அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதிலும் விஸ்லாவுக்கு, மேல்மயிருக்கு அடியில் பஞ்சு போலிருக்கும் அடிமயிரே கிடையாது. குட்டை மயிர் ஜெர்மன் பாயின்டருக்கு அது கொஞ்சம் அடர்த்தியாகவே உண்டு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். குளிர் தாங்குவதில் ஒன்றல்ல. கிரேஹவுண்ட் மாதிரி மெலிந்த உடம்புக்காரர்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு என்பதால் இன்னும் சிரமம்.

நான் பார்ப்பது மூன்று விஷயம்: உடம்பு நனைந்திருக்கிறதா, காற்று வீசுகிறதா, நாய் ஓடிக்கொண்டிருக்கிறதா நிற்கிறதா. ஓடும் தசைதான் அதன் அடுப்பு. ஓட்டம் நின்றால் அடுப்பும் அணைகிறது. அரை மணி நேரம் உற்சாகமாகத் துள்ளிய நாய், நீங்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் விறைக்கத் தொடங்குவது இதனால்தான். நனைந்த நாய் காற்றில் நிற்கிறது என்றால் அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குக் கிளம்புங்கள்.

பறவை வாடை பிடித்து நிற்கும்போது என் பாயின்டர் நடுங்குகிறான். குளிரா, ஆர்வமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நிற்கும் விதத்தைப் பாருங்கள். ஆர்வத்தில் நடுங்கும் நாய் உடம்பை நீட்டி, மூக்கை இலக்கின் பக்கம் குத்திட்டு வைத்திருக்கும். வால் விறைப்பாக இருக்கும். பறவை எழுந்து போனதும் நடுக்கமும் போய்விடும். குளிரில் நடுங்கும் நாய்க்கு முதுகு வளையும், வால் உள்ளே ஒடுங்கும். கால்களை மாற்றி மாற்றித் தூக்கும். தேடுவதை விட்டுவிட்டு உங்கள் காலடிக்கே திரும்பி வரும், அல்லது வண்டி நிற்கும் திசையையே பார்க்கும். வேட்டை நாய் வேலையை விட்டு விலகுவது சும்மா நடக்காது. அதைச் சோம்பல் என்று அதட்டாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: உடம்பைச் சூடாக்க எதுவுமே செய்யாமல் நடுக்கம் தானாக நின்றுபோனால் நிம்மதிப்படக் கூடாது. உடம்பு போராடுவதைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். கூடவே தள்ளாட்டம், மந்தம், வெளுத்த ஈறு ஆகியவை தெரியும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். நாயின் இயல்பான சூடு ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி. 37-க்குக் கீழே இறங்கினால் உடனே சூடாக்கத் தொடங்க வேண்டும். 32-க்குக் கீழே உயிருக்கு ஆபத்து. மருத்துவமனைக்கு வழியிலேயே போன் செய்துவிட்டுப் போங்கள்.

போன வாரம் எங்கள் நாய் உறையும் குளிரில் ஓடைக்குள் விழுந்துவிட்டது. துடைத்துக் கூட்டி வந்தோம், பிழைத்துக்கொண்டது. இனி அப்படி நடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம். முதலில் காற்றிலிருந்து மறைவுக்குக் கொண்டுபோங்கள். வண்டி, சுவர், எது அருகில் இருக்கிறதோ அது. பிறகு உலர்ந்த துண்டால் தண்ணீரை ஒற்றி எடுங்கள். ஒரு துண்டு போதாது, மூன்று நான்கு வேண்டும். ஈரத் துண்டாலேயே திரும்பத் திரும்பத் துடைப்பதில் பயனில்லை.

அடுத்து மார்பும் வயிறும். சூடு முதலில் நடு உடம்புக்குத்தான் போக வேண்டும், கால்களுக்கு அல்ல. கால்களைத் தேய்த்தும் சூடாக்கியும் விட்டால், அங்கே தேங்கிக் கிடந்த குளிர்ந்த ரத்தம் இதயத்தை நோக்கித் திரும்பி, உள்சூட்டை இன்னும் கீழே இறக்கிவிடக்கூடும். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி விலாவோடு அணையுங்கள். நேராகத் தோலில் படக் கூடாது. குளிர்ந்து மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் நமக்கே தெரியும். மேலே போர்வை. பளபளக்கும் அவசரகாலத் தகடுப் போர்வை நல்லதுதான், ஆனால் அது சூடு தராது, உடம்பு விடும் சூட்டைத் திருப்பி மட்டும் அனுப்பும். உறைந்துபோன நாய்க்கு அதை மட்டும் சுற்றிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மதுபானம் எந்த ரூபத்திலும் கொடுக்காதீர்கள். தலை தூக்கி, விழுங்கும் நிலையில் இருந்தால் ஈறில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் தடவலாம். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

என் அனுபவம் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில், நாள் முழுக்கத் தண்ணீரில் வேலை செய்த என் பெண் நாயை ஈரத்தோடு வண்டியில் ஏற்றிவிட்டு, அரை மணி நேரம் மற்ற வேலைகளைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது சுருண்டு கிடந்தாள், கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. ஓடும்போது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தப்பட்ட வண்டிக்குள்தான் ஆனது. அன்றிலிருந்து நாய் உலர்ந்த பிறகுதான் என் காலணியைக்கூடக் கழற்றுகிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் நீந்திய மறுநாள் வால் செத்ததுபோலத் தொங்குகிறது. தொட்டால் கத்துகிறது. உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வாலை ஆட்டும் தசைகள் குளிராலும் அளவுக்கு மீறிய உழைப்பாலும் புண்பட்டிருக்கும். பாயின்டர்களுக்கும் லாப்ரடார்களுக்கும் இது அடிக்கடி வரும். வாலின் அடிப்பகுதி சில விரற்கடை நேராக நின்று, அதற்கப்பால் துவண்டு தொங்கும். ஓய்வு கொடுத்தால் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். வலி மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்; மனிதர்களுக்கான மாத்திரைகள் நாய்க்கு விஷமாகலாம். அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, மலஜலம் கழிக்கச் சிரமப்பட்டாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

நியோப்ரீன் (ரப்பர் போன்ற பொருள்) ஜாக்கெட் அவசியமா? எப்போதும் போட்டுவைக்கலாமா?

தண்ணீரில் இறங்கும் குட்டை மயிர் நாய்க்கு அவசியம் என்றே சொல்வேன். உடம்போடு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து ஓடிக்கொண்டே இருக்கும். முன்னங்கால் அக்குளில் உரசிப் புண்ணாகிறதா என்று ஒவ்வொரு நாளும் விரலை விட்டுப் பாருங்கள். தரையில் விரட்டி ஓடும் வேலைக்கு அதே ஜாக்கெட் சூட்டைக் கிளப்பிவிடும். வேலை முடிந்ததும் கழற்றி, உடம்பைத் துடைத்து, உலர்ந்த துணி ஜாக்கெட்டை மாட்டுங்கள். கம்பளி ஸ்வெட்டர் நனைந்துவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

இரவில் வெளியே கூண்டில்தான் படுக்கிறான். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய கூண்டாகக் கட்டினேன். சூட்டு விளக்கும் மாட்டலாம் என்றிருக்கிறேன். சரியா?

அன்போடு செய்திருக்கிறீர்கள், ஆனால் இரண்டையும் மாற்றச் சொல்வேன். கூண்டைச் சூடாக்குவது நாயின் உடம்புதான். பெரிய அறையை ஒரு நாயால் சூடாக்க முடியாது. எழுந்து நின்று, ஒரு சுற்றுத் திரும்பி, சுருண்டு படுக்கும் அளவு போதும். தரையிலிருந்து சில அங்குலம் உயர்த்துங்கள். வாசல் காற்று வரும் பக்கம் பார்க்கக் கூடாது. வாசலில் கனமான திரை தொங்கட்டும்.

உள்ளே போர்வை போடாதீர்கள். மூச்சின் ஈரத்தையும் மயிரின் ஈரத்தையும் அது உறிஞ்சிவைத்துக்கொண்டு, விடிவதற்குள் சில்லிட்டுப் போகும். வைக்கோல் போடுங்கள். அதன் தண்டு உள்ளே குழலாக இருப்பதால் காற்றைப் பிடித்துவைக்கும், நாய் அதற்குள் குடைந்து படுத்துக்கொள்ளும். கையை உள்ளே விட்டுப் பார்த்து, நமுத்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.

சூட்டு விளக்கு வேண்டவே வேண்டாம். காய்ந்த வைக்கோலும் கடிக்கும் நாயும் மின்கம்பியும் ஒரே பெட்டிக்குள் இருப்பது தீ விபத்துக்கு அழைப்பு. அடிமயிர் இல்லாத இனமாக இருந்தால், உறையும் இரவுகளில் வீட்டுக்குள் படுக்கவைப்பதே சரி. உள்ளே படுத்தால் வேட்டைத் திறமை மங்கிவிடும் என்ற பேச்சில் உண்மை இல்லை.

குளிர்காலத்தில் சாப்பாடு கூட்ட வேண்டுமா?

வெளியே உழைக்கும் நாய்க்குக் கூட்ட வேண்டும். வீட்டுக்குள் படுத்திருக்கும் நாய்க்கு வேண்டாம். அளவைவிடக் கொழுப்பைக் கொஞ்சம் கூட்டுவது பலன் தரும், ஏனென்றால் கொழுப்பு ஒரு கிராமுக்குப் புரதத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி தருகிறது. படிப்படியாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். விலா எலும்பு கையால் தடவினால் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. ஆழ்ந்த மார்புள்ள இனங்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், வயிறு நிறையக் கொடுத்துவிட்டு உடனே ஓடவிடாதீர்கள்.

எல்லோரும் மறப்பது தண்ணீரை. பனியைத் தின்றால் தாகம் தீரும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கிராம் பனியை உருக்க மட்டுமே உடம்பு 80 கலோரி (உணவுக் கணக்கின் கிலோ கலோரி அல்ல) வெப்பத்தைச் செலவழிக்க வேண்டும். சூட்டைச் சேமிக்க வேண்டிய நேரத்தில் அது வீண் செலவு. வெதுவெதுப்பான தண்ணீரை ஃபிளாஸ்கில் கொண்டுபோங்கள். கடுங்குளிரில் உலோகக் கிண்ணத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் கிண்ணம் வையுங்கள்.

காது நுனி வெளுத்து, தொட்டால் ஐஸ்போல இருந்தது. இப்போது கறுத்து வருகிறது.

பனி கடித்திருக்கிறது, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காது நுனி, வால் நுனி, விரல்கள், ஆண் நாய்க்கு விதைப்பை ஆகிய இடங்களில்தான் இது வரும். சேதம் எவ்வளவு என்பது பல நாட்கள் கழித்தே முழுதாகத் தெரியும். அடுத்த முறை வெளுப்பைப் பார்த்தால் தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். உறைந்த திசு நொறுங்கிவிடும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஒற்றிக் கொடுங்கள், அதுவும் மீண்டும் உறையாத இடத்துக்கு வந்த பிறகு. உருகி மறுபடி உறைவது முதல் காயத்தைவிடப் பெரிய காயம்.

பாதத்துக்கு பூட்ஸ் போட வேண்டுமா?

பனிக்காக மட்டும் என்றால் எல்லா நாய்க்கும் தேவையில்லை. நாயின் பாதத்தில் தமனியும் சிரையும் ஒட்டி ஓடுவதால், உள்ளே போகும் சூடான ரத்தம் திரும்பி வரும் குளிர்ந்த ரத்தத்தைச் சூடாக்கி அனுப்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை நுண்ணோக்கியில் பார்த்து விளக்கியிருக்கிறார்கள். பாதத்தைக் கெடுப்பது கூரான பனிக்கட்டியும் சாலையில் தூவும் உப்பும். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிடுங்கள். நக்கவிடாதீர்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் சிந்திக் கிடக்கும் ஆன்டிஃப்ரீஸ் (இன்ஜின் தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கும் திரவம்) மேல் மிகக் கவனம் தேவை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். சில வாய் நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்து நாய் இறந்துவிடலாம். முதலில் குடித்ததுபோலத் தள்ளாடும், பிறகு தேறியதுபோலத் தெரியும். அந்தத் தேறுதலை நம்பி யாரும் காத்திருக்காதீர்கள். மாற்றுமருந்து முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் பலன்.

உறைந்த குளத்தின் மேல் விடலாமா?

கூடாது. கயிறு போடுங்கள். நாய் உள்ளே விழுந்தால் நீங்களும் இறங்காதீர்கள். கரையில் நின்று குரல் கொடுத்துக் கூப்பிட்டபடி மீட்புப் படையை அழையுங்கள்.

எங்கள் நாய்க்குப் பதினோரு வயதாகிறது. துப்பாக்கிப் பையை எடுத்தாலே வாசலில் போய் நிற்கிறது. குளிருக்குப் பயந்து விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஆனால் பழைய நாள் மாதிரி முழு நாள் வேண்டாம். வயதான நாயின் தசை குறைந்திருக்கும், சூடு உண்டாக்கும் வேகமும் குறைந்திருக்கும், மூட்டுவலியும் குளிரில் கூடும். காலையில் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். கிளம்புமுன் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கவைத்து மூட்டைத் தளர்த்துங்கள். தண்ணீர் இல்லாத, சமமான தரையாகப் பார்த்து, அரை மணி நேரம் தேடவிடுங்கள். ஜாக்கெட் ஆரம்பத்திலிருந்தே இருக்கட்டும். தைராய்டு சுரப்புக் குறைவு இருக்கிறதா என்று ஒருமுறை ரத்தம் பரிசோதித்துவிடுங்கள். இருந்தால் எந்த ஜாக்கெட்டும் போதாது, ஆனால் மருந்து உண்டு. அது இன்னும் ஓட ஆசைப்படும்போதே நீங்கள் திரும்புங்கள், வண்டியில் ஹீட்டரை முன்கூட்டியே போட்டுவையுங்கள்.