ஒரு சென்ட் வரி

அன்புள்ள ஐயா,

நான் டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, பத்து டாலர் நோட்டில் இருக்கும் பெண் யார் என்று கேட்டார். வயோலா டெஸ்மண்ட், 1946இல் திரையரங்கில் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்ததற்காகச் சிறைக்குப் போனவர், ‘கனடாவின் ரோசா பார்க்ஸ்’ என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “பால்கனிக்குப் போ என்றுதானே சொன்னார்கள்? அது விலை கூடிய டிக்கெட் ஆயிற்றே, அதற்கா சண்டை?” என்றார் அம்மா. எனக்குப் பதில் தெரியவில்லை.

எனக்கும் சில சந்தேகங்கள். அவர் போராடப் போனவர் அல்ல, கார் பழுதானதால் படம் பார்க்கப் போனவர். வழக்கிலும் தோற்றார். பிறகு எப்படி நோட்டில் இடம் பிடித்தார்? 2010இல் அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியதாம். தப்பே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு?

ஒரு வாசகி, ஸ்கார்பரோ

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர்க் கொட்டகைகளில் தரை டிக்கெட் மலிவு, பால்கனி விலை அதிகம். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் நியூ கிளாஸ்கோ ஊரில் இருந்த ரோஸ்லாண்ட் திரையரங்கில் அது தலைகீழ். கீழே 40 சென்ட், மேலே 30 சென்ட். கறுப்பினத்தவருக்கு மேல்தளம் என்பது அங்கே வழக்கம். கீழ்த்தள டிக்கெட்டை அவர்களுக்கு விற்கமாட்டார்கள்.

இந்த விலைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முழுவதும் இவற்றின் மேல்தான் நின்றது.

வயோலாவுக்கு அப்போது வயது 32. ஹாலிஃபாக்ஸில் அழகு நிலையம் வைத்திருந்தார். அங்கிருந்த பயிற்சிப் பள்ளிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாததால் மாண்ட்ரியாலுக்கும் அமெரிக்காவுக்கும் போய்த் தொழில் கற்றுவந்தவர். திரும்பியதும் தன்னைப் போன்ற பெண்களுக்காகத் தானே ஒரு பள்ளி தொடங்கினார். சொந்தமாக முகப்பவுடர் முதலிய பொருட்களும் தயாரித்து விற்றார். 1946 நவம்பர் 8ஆம் தேதி வியாபார வேலையாக சிட்னிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். ஆஸ்திரேலிய சிட்னி அல்ல, அதே மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவில் இருப்பது. வழியில், நியூ கிளாஸ்கோவில் கார் நின்றுவிட்டது. பழுதுபார்க்க நேரமாகும் என்றார்கள். பொழுதைப் போக்கப் படத்துக்குப் போனார்.

கீழ்த்தள டிக்கெட்தான் கேட்டார். கையில் கொடுத்தது பால்கனி டிக்கெட். அதைக் கவனிக்காமல் கீழே போய் உட்கார்ந்தார். பணியாள் வந்து சொன்னதும் எழுந்து டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கே திரும்பிப்போய், மீதி பத்து சென்டைத் தருகிறேன், மாற்றிக்கொடுங்கள் என்றார். உங்களைப் போன்றவர்களுக்குக் கீழ்த்தள டிக்கெட் விற்க எனக்கு அனுமதி இல்லை என்றாள் டிக்கெட் கொடுத்த பெண்.

அவர் போராடப் போனவர் அல்ல என்கிறீர்கள். கொட்டகைக்குள் முதல் முறை நுழைந்தபோது அது உண்மை. இந்தப் பதிலைக் கேட்ட பிறகு அவர் இரண்டாம் முறை உள்ளே போய் அதே இருக்கையில் உட்கார்ந்தார். அப்போது அது என்ன இடம், தான் அங்கே யாராகக் கருதப்படுகிறோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மேலாளர் வந்து மிரட்டியும் எழவில்லை. போலீஸ்காரரும் மேலாளருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கி இழுத்து வெளியேற்றினார்கள். இடுப்பில் அடி. இரவு முழுவதும் சிறையில், கையுறைகளைக் கூடக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே கழித்தார். எனக்கு இந்தக் கையுறைகள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

மறுநாள் நீதிமன்றத்தில் என்ன குற்றம் சாட்டினார்கள் தெரியுமா? வரி ஏய்ப்பு! கீழ்த்தள டிக்கெட்டில் கேளிக்கை வரி 3 சென்ட், மேல்தள டிக்கெட்டில் 2 சென்ட். ஆக, மாகாண அரசை ஒரு சென்ட் ஏமாற்றிவிட்டார். மீதிப் பணத்தைத் தருவதாகச் சொன்னேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. வழக்கறிஞர் இல்லை, வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொன்னவரும் இல்லை. 20 டாலர் அபராதம், செலவுத் தொகை 6 டாலர். அந்த ஆறு டாலர் புகார் கொடுத்த மேலாளருக்கே போனது.

‘கனடாவின் ரோசா பார்க்ஸ்’ என்ற பட்டம் எனக்குப் பிடிக்காமல் போவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பரில், வயோலாவுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. ஆனால் யார் முந்தி என்பது சின்ன விஷயம். அலபாமாவின் மாண்ட்காமரியில் பஸ்ஸில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சட்டமே இருந்தது. எழுதப்பட்ட சட்டம் என்றால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம், அடுத்த ஆண்டே அதை உடைத்தும் காட்டினார்கள். ரோஸ்லாண்ட் திரையரங்குக்குப் பின்னால் அப்படி ஒரு சட்டம் கிடையாது. இல்லாத சட்டத்தை எப்படி உடைப்பது? குற்றச்சாட்டில் நிறம் என்ற பேச்சே இல்லை. அதைப் படிக்கும் அந்நியர், ஹாலிஃபாக்ஸ் பெண் ஒருத்தி ஒரு சென்டுக்கு ஆசைப்பட்டுத் திருட்டுத்தனம் செய்தாள் என்றுதான் நினைப்பார். கனடாவின் பாகுபாடு இப்படித்தான் நடந்தது: மரியாதையாக, ரசீதோடு.

உடைக்கச் சட்டம் இல்லையென்றால், எதிர்த்துக் கேட்பவருக்கு நீதிமன்றத்தின் துணையாவது இருந்ததா? 1936இல் மாண்ட்ரியாலில் ஃப்ரெட் கிறிஸ்டி என்ற கறுப்பினத்தவருக்கு ஒரு மதுக்கடையில் பீர் தர மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். யாருக்கு விற்பது என்பது கடைக்காரரின் சுதந்திரம் என்று 1939இல் தீர்ப்பு வந்தது. அதே ரோஸ்லாண்டில், வயோலாவுக்குச் சில ஆண்டுகள் முன்பு, கேரி பெஸ்ட் என்ற பெண்மணி வேண்டுமென்றே தன் மகனோடு கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்து வெளியேற்றப்பட்டார். வழக்குப் போட்டார், தோற்றார், எதிர்த்தரப்பின் செலவையும் கட்டவேண்டியதாயிற்று. நீங்கள் தேடும் ‘திட்டமிட்ட போராளி’ இவர்தான். 1946இல் ‘கிளேரியன்’ என்ற பத்திரிகையை அவர் தொடங்கியிருந்தார். வயோலாவின் செய்தியை முதல் பக்கத்தில் போட்டவர் அவரே. நோட்டில் இரண்டு முகம் போட முடியுமென்றால் இரண்டாவது முகம் அவருடையதாக இருக்கவேண்டும் என்பேன்.

வயோலாவின் கணவர் ஜாக், விட்டுவிடலாம் என்றே சொன்னார். காயத்தைப் பார்த்த மருத்துவர்தான் வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னார். நோவா ஸ்கோஷியாவின் கறுப்பினத்தவர் சங்கம் பணம் திரட்டியது. வழக்கு மேல்மன்றத்துக்குப் போய் 1947இல் தோற்றது. முறைப்படி மாவட்ட நீதிமன்றத்தில் குறித்த நாளுக்குள் மேல்முறையீடு செய்திருக்கவேண்டும் என்ற காரணத்தால். வயோலாவின் வழக்கறிஞரே நிறத்தை முன்வைத்து வாதாடவில்லை. வேடிக்கை என்னவென்றால், மனுவைத் தள்ளிய நீதிபதிகளில் ஒருவரான ஹால் அதைத் தொட்டார். ஒரு சென்ட் ஏமாற்றப்பட்டதாக மேலாளர் உண்மையிலேயே நம்பினாரா, அல்லது பொதுச் சட்டத்தை வளைத்து நிறப் பிரிவினையைக் கள்ளத்தனமாக நடத்தப் பார்த்தாரா என்று தீர்ப்பில் கேட்டார். கேட்டுவிட்டுத் தள்ளினார்.

பிறகு வயோலாவின் வாழ்க்கை வேறு திசையில் போனது. மணவாழ்க்கை முறிந்தது, தொழிலை விட்டார், மாண்ட்ரியாலுக்கும் பின்னர் நியூயார்க்குக்கும் போனார். 1965இல் அங்கேயே ஐம்பது வயதில் இறந்தார். குற்றவாளி என்ற பதிவு அப்படியே இருந்தது.

அது மாறியதற்குத் தங்கை வாண்டா ராப்சன்தான் முக்கியக் காரணம். அக்கா சிறைக்குப் போன செய்தி வந்தபோது தனக்கு வெட்கமாக இருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கப் போனவர், அங்கே இனப் பாகுபாடு பற்றிய வகுப்பில் அக்காவின் கதையையே பாடமாகச் சந்தித்தார். அதன்பின் அவர் ஓயவில்லை.

கடைசியாக, மன்னிப்பு. இங்கே நம் சொல்லே கொஞ்சம் குழப்புகிறது. தமிழில் கொடுப்பதும் மன்னிப்பு, கேட்பதும் மன்னிப்பு. 2010 ஏப்ரல் 15 அன்று இரண்டும் நடந்தன. மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்டார். துணைநிலை ஆளுநர் கையெழுத்திட்ட ஆவணம், செய்த குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததல்ல. அவர் நிரபராதி, தண்டித்ததே தவறு என்று ஏற்கும் அரிய வகை. கனடாவில் இறந்தபின் ஒருவருக்கு அது வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. கையெழுத்திட்ட ஆளுநர் மயான் பிரான்சிஸ் கறுப்பினப் பெண். பிறந்த ஊர் சிட்னி, கார் பழுதான அன்று வயோலா போய்ச் சேர வேண்டியிருந்த அதே ஊர்.

உங்கள் அம்மாவிடம் நோட்டை மறுபடி காட்டுங்கள். 2018 நவம்பரில் புழக்கத்துக்கு வந்தது, கனடாவில் நெட்டுவாக்கில் அச்சிட்ட முதல் நோட்டு. முகத்துக்குப் பின்னால் கோடு கோடாகத் தெரிவது ஹாலிஃபாக்ஸின் பழைய வரைபடம். அதில் கோட்டிங்கன் தெருவும் இருக்கிறது. அழகு நிலையம் இருந்தது அந்தத் தெருவில்தான்.

அன்புடன்.