தம்பிக்குக் காசு கொடுக்காமல் அக்காவாக இருப்பது

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 41. தனியார் கம்பனி ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை. நான் ஏ.எல் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவனை வளர்த்தது நான்தான் என்றால் அம்மாவே மறுக்கமாட்டார்.

மூன்று வருடமாக அவன் போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டுகிறான். முதலில் சின்னச் சின்னக் கடன்கள், கொடுத்தேன். பிறகு பெரிய கடன்கள், அவற்றையும் கொடுத்தேன். வேலைக்குப் போகாத நாட்களில் அவனுடைய மேலாளருக்கு நானே போன் எடுத்து “தம்பிக்குக் காய்ச்சல்” என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஓடும் காரின் லீசிங்குக்குப் பிணை நின்றது நான். மூன்று மாதத் தவணை நிற்கிறது, கடிதம் எனக்கு வருகிறது. போன பொங்கலுக்கு முதல் என் தாலிக்கொடியை அடகு வைத்தேன். அது வங்கி லொக்கரில் இருப்பதாக இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனித் தரமாட்டேன் என்றால் “அப்ப நான் செத்துப்போறன்” என்கிறான். “ஒரே தம்பி, நீ பாக்காமல் ஆர் பாக்கிறது?” என்று அம்மா அழுகிறார். இணையத்தில் தேடினால் எனக்கு இருப்பது கோடிபென்டன்சி (மற்றவரின் பழக்கத்தைத் தாங்கித் தாங்கியே தன்னைத் தொலைப்பது), எல்லை போட வேண்டும், தொடர்பை வெட்ட வேண்டும் என்கிறார்கள். வெட்டிவிட்டால் நான் என்ன அக்கா? ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவான். அதையும் நிறுத்த வேண்டுமா? வருத்தம் அவனுக்கா, எனக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

உங்களுடைய கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தம்பிக்கு இருப்பதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. உங்களுக்கு இருப்பதற்கு இல்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கைநூல், சூதாட்டத்தை மதுவோடும் போதைப்பொருளோடும் ஒரே வரிசையில் அடிமைநிலை என்று வைத்தது. கோடிபென்டன்சி அதில் கிடையாது. அது குடிகாரர்களின் குடும்பங்களைச் சுற்றி வளர்ந்த பேச்சு. குடியை விட நினைப்பவர்களுக்காக 1935இல் தொடங்கிய இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர் பில் வில்சன். அவருடைய மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951இல் அல்-அனொன் என்று குடும்பத்தாருக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். புருஷனின் போத்தலை ஒளித்து, கடனை அடைத்து, கந்தோருக்குப் பொய் சொல்லியே களைத்துப்போன பெண்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்க ஓர் இடம். கோடிபென்டன்சி என்ற சொல் 1970களின் கடைசியில்தான் அங்கே சிகிச்சை நிலையங்களில் பரவியது. பிறகு அதை இழுத்து இழுத்து, அளவுக்கு மிஞ்சிப் பாசம் வைக்கிற எல்லோருக்கும் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வெள்ளவத்தையில் பாதிப்பேர் நோயாளிகள். கனடாவிலிருந்து மாதாமாதம் காசு அனுப்புகிற பிள்ளையும், தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டுத் தான் கல்யாணம் கட்டாமல் நிற்கிற அண்ணனும் நோயாளிகளா? ஒருவரை ஒருவர் தாங்கித்தான் இந்தச் சமூகம் யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தது. ஆகவே உங்களுக்கு வருத்தம் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். அந்தக் கைநூலில் சூதாட்டத்தைக் கண்டுபிடிக்க ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் நான்கு இருந்தால் போதும். விட்ட காசைப் பிடிக்க மறுநாளும் போவது ஒன்று, எவ்வளவு விட்டேன் என்று மறைத்துப் பொய் சொல்வது இன்னொன்று. ஒன்பதாவது அறிகுறி: சூதாட்டத்தால் வந்த பணநெருக்கடியைத் தீர்க்க மற்றவர்களின் காசை நம்பியிருப்பது. அந்த “மற்றவர்கள்” நீங்கள். உங்கள் பெயரில் நோய் இல்லை, தம்பியின் நோய்க்குள் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. உங்களால் எழுந்துவர முடிவது அந்த இடத்திலிருந்துதான். அவனுடைய பந்தயத்தை நிறுத்த உங்களால் முடியாது. மூன்று வருடம் முயன்று பார்த்துவிட்டீர்கள்.

நீங்கள் செய்ததெல்லாம் பிழை என்றும் சொல்லவில்லை. முதல் தடவை கடன் அடைத்தது எந்த அக்காவும் செய்வது. என்னைக் குழப்புவது அந்தக் காய்ச்சல் போன். மேலாளரின் முகத்தைப் பார்த்து அவன் வெட்கப்பட வேண்டிய காலையை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். தோற்றது அவன், நெஞ்சு படபடத்தது உங்களுக்கு. தவணை கட்டாதவன் அவன், தபாற்காரன் மணியடிப்பது உங்கள் வாசலில். ஒரு முட்டாள்தனத்தின் விலை அதைச் செய்தவனிடம் போய்ச் சேராவிட்டால் அவன் ஏன் நிறுத்த வேண்டும்?

இடையிடையே மறுத்தும் பார்த்திருப்பீர்கள். பத்துத் தடவை மறுத்துப் பதினோராவது தடவை கொடுத்தால், மறுப்பு என்பது பதினோரு தடவை கேட்க வேண்டும் என்பதுதான் என்று அவன் படித்துக்கொள்வான். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடைக்கிடை கிடைக்கிற பரிசுக்குத்தான் மனித மனம் விடாமல் அலையும். உளவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம் இது. பந்தயச் செயலிகள் ஓடுவதும் இதே விதியில். அவன் போனில் இருக்கிற செயலிகளில் நீங்களும் ஒன்றாகிவிட்டீர்கள். மற்றவற்றில் தோற்கிறான், உங்களிடம் கடைசியில் வென்றுவிடுகிறான்.

எல்லை போடுவது என்றவுடன் நம்மவர்கள் மற்றவருக்குச் சட்டம் போடுகிறார்கள். “இனிப் பந்தயம் கட்டினால் இந்த வாசலை மிதிக்காதே.” அடுத்த வாரம் அவன் கட்டுவான், வாசலையும் மிதிப்பான், நீங்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பீர்கள். எல்லை என்பது நீங்கள் செய்யப்போவதைப் பற்றிய வசனமாக இருக்கட்டும். “நான் காசு தரமாட்டன். உன்ர மேலாளரோட இனிக் கதைக்கமாட்டன். எதிலயும் கையெழுத்து வைக்கமாட்டன்.” இவை மூன்றையும் காப்பாற்ற அவனுடைய ஒத்துழைப்பு தேவையில்லை. “காசு இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சம்பளம் என்றைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். அன்று திரும்ப வருவான்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் முதலில் கதைக்க வேண்டியது தம்பியோடு இல்லை. உங்கள் வீட்டுக்காரரோடு.

இதைப் படித்ததும் வயிறு கலங்கும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், தம்பியின் கையில் இருக்கிற பெரிய பிடி உங்கள் பாசம் கூட இல்லை, இந்த இரகசியம். தாலிக்கொடி அடகில் இருப்பது அவனுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அவன் வாய்விட்டு மிரட்டாமல் இருக்கலாம். அவன் மிரட்டத் தேவையில்லாமல் நீங்களே பயந்துகொண்டிருக்கிறீர்கள். லொக்கரைத் திறக்க வேண்டிய கல்யாணவீடு எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டு தம்பியிடம் உறுதியாக நிற்க எவராலும் முடியாது. அவர் கோபப்படுவார். காசுக்காகக் கொஞ்சம், மறைத்ததற்காக நிறைய. சில நாள் கதைக்காமலும் இருப்பார். அடகுத் துண்டையும் லீசிங் கடிதத்தையும் ஒன்றாக மேசையில் வைத்து, ஒரே நாளில் முழுக்கணக்கையும் சொல்லிவிடுங்கள். இன்று பாதி, அடுத்த மாதம் மீதி என்று சொல்வது மோசம். அது தம்பி உங்களிடம் செய்வது. (கோபத்தில் கை நீட்டுகிறவர் அவர் என்றால் நான் சொன்னது பொருந்தாது. அப்போது முதலில் உங்கள் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை என்பதால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன்.)

“செத்துப்போறன்” என்பதற்கு வருகிறேன். வெருட்டுகிறான், விடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். சூதாட்டத்தில் மாட்டியவர்களிடம் தற்கொலை ஆபத்து உண்மையாகவே கூடுதல். ஆகவே ஒவ்வொரு தடவையும் உண்மை என்றே எடுங்கள். அதற்கு மருந்து காசு இல்லை, அவ்வளவுதான். சாக யோசிக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள், இல்லாவிட்டால் நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அந்த நிறுவகம் இருக்கிற அங்கொட என்ற ஊர்ப்பெயரையே வசவாக வைத்திருக்கிற நகரம் இது, அதனால் அம்மா மறிப்பார். மறிக்கட்டும். வெருட்டுகிறான் என்றால், வெருட்டினால் காசு வராது, டொக்டர்தான் வருவார் என்று தெரிந்துகொள்வான். உண்மை என்றால் உயிர் தப்பும். இரண்டிலும் நீங்கள் செய்வது ஒன்றுதான்.

காசை நிறுத்தியதும் கொஞ்ச நாளைக்கு நிலைமை கூடும், குறையாது. போன் அழைப்புகள், அழுகை, பெரியம்மாவின் சமரசம், வட்ஸ்அப்பில் உங்கள் பழைய படங்கள். வழக்கமாகக் கிடைத்தது நின்றால் எந்தப் பழக்கமும் முதலில் கூடுதல் வேகத்தோடு தட்டிப்பார்க்கும். இதைப் பார்த்துத்தான் பெரும்பாலான அக்காமார் “எல்லை சரிவரவில்லை” என்று திரும்பக் கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கும் யாரோடாவது கதைக்க வேண்டியிருக்கும். கொழும்பில் 1974இலிருந்து சுமித்திரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. பெயர் ஊர் கேட்காமல் காதுகொடுத்துக் கேட்பார்கள். தம்பிக்கு மட்டுமான இடம் என்று நினைக்க வேண்டாம்.

அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள். அவருக்கு அவர் பிள்ளை. “ஆர் பாக்கிறது?” என்றால் “நான் பாக்கிறன் அம்மா, காசு மட்டும் குடுக்கமாட்டன்” என்று சொல்லுங்கள். நீங்கள் மறுத்தபிறகு அவன் அம்மாவின் பென்சனில் கை வைக்கப் பார்ப்பான். அம்மாவின் வங்கி அட்டையும் இரகசிய இலக்கமும் யாரிடம் என்று மட்டும் கவனியுங்கள்.

ஞாயிறு சாப்பாட்டை ஏன் நிறுத்துகிறீர்கள்? வரட்டும். சோற்றில் பந்தயம் கட்ட முடியாது. கடனைப் பற்றி மேசையில் கதை எடுத்தால் நீங்கள் எழும்பிக் குசினிக்குள் போய்விடுங்கள். தொடர்பை வெட்டு என்று எழுதியவர்களுக்கு, எந்நேரமும் வீட்டுக்குள் புகுந்து அடிக்கிற ஒருவரோ பல வருடமாக அவமானப்படுத்துகிற ஒருவரோ மனதில் இருந்திருக்கலாம். உங்கள் தம்பி அப்படி இல்லை. சிகிச்சைக்குப் போகச் சம்மதித்தால் கூடப் போங்கள், பஸ் காசைக்கூட நீங்களே கண்டக்டரிடம் கொடுங்கள். அவன் கையில் கொடுக்க வேண்டாம்.

லீசிங் விஷயம் மட்டும் ஆறப்போடக் கூடாது. பிணைக் கையெழுத்தைப் பாசத்தால் திருப்பி எடுக்க முடியாது, அது கடன். நிலுவை உங்கள் பெயரிலும் கிரிப் அறிக்கையில் (வங்கிகள் பார்க்கிற கடன் தகவல் அறிக்கை) ஏறும், நாளைக்கு நீங்கள் இருவரும் வீட்டுக்கடன் கேட்டால் அங்கே வந்து நிற்கும். இந்த ஒரு கடனை நீங்கள் பார்ப்பது தம்பியைக் காப்பாற்றுவது ஆகாது, உங்கள் கையெழுத்தை நீங்கள் காப்பாற்றுவது. இவரையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். காரை ஒப்படைத்தால் எவ்வளவு மிஞ்சும், தவணையைத் திருத்தித் தருவார்களா என்று கேட்டு, சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். எது கட்டினாலும் நேரே கம்பனிக்குக் கட்டிப் பற்றுச்சீட்டை உங்களிடம் வையுங்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா