அப்பாவின் வேட்டி ஏன் நிலத்தில் இழுபடுகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. உப்புவெளியில் கடற்றொழில் செய்தவர். இரண்டு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டும் அவிழ்த்தாயிற்று. முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமா) பல வருடமாக பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை விட்டு விட்டு எடுக்கிறார். இப்போது முதுகு கூனி, வேட்டி நிலத்தில் இழுபடுகிறது. எலும்பு பலவீனமாகும் எலும்புப்புரை பெண்களுக்கு வருவதுதானே, டொக்டர்?

பதில்: வேட்டி இழுபடுகிறது என்ற வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். வயது போகும்போது உயரம் ஒரு சென்ரிமீற்றர் குறைவது புதினமில்லை. நாலு சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பில் சத்தமில்லாமல் முறிவு இருக்கலாம். பக்கவாட்டில் எடுக்கும் ஒரு எக்ஸ்ரே அதைக் காட்டிவிடும். நின்ற நிலையில் விழுந்தே ஓர் எலும்பு முறிகிறது என்றால், எலும்பு பலவீனமாக இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். மாவுக்கட்டு அவிழ்ந்ததோடு விஷயம் முடியவில்லை.

பெண்களுக்குத்தான் அதிகம் வரும் என்பது சரிதான். ஆனால் 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஒரு முறிவு வரும். இடுப்பு முறிந்தால் பெண்களை விட ஆண்கள்தான் அந்த வருடத்துக்குள் அதிகம் இறக்கிறார்கள். ஆண்களைப் பரிசோதிக்க யாரும் நினைப்பதில்லை என்பதுதான் என் மனவருத்தம்.

ஆண்களில் பெரும்பாலும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அப்பாவுக்கு அது அந்தக் குளிசையாகவே இருக்கலாம். அதற்காகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. முட்டுக்கு வாயால் இழுக்கும் மருந்துப் பம்மை ஒழுங்காக இழுத்தால் குளிசையின் தேவை குறையும். சாராயம், சுருட்டு உண்டா என்றும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கல்சியம், விற்றமின் டி, தைரொயிட், சிறுநீரகம், ஆண் ஹோர்மோன் எல்லாவற்றுக்கும் இரத்தம் பார்க்கவேண்டும். எலும்பு அடர்த்தி ஸ்கானில் டி அளவு (T-score, இளவயது எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. முதுகெலும்பு முறிவு எக்ஸ்ரேயிலேயே தெரிந்தால் ஸ்கானுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அநேகமாக எலும்பு தேய்வதைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் குளிசை 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று தருவார்கள். விடிய எழும்பி, வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கவேண்டும். பிளேன்டீயோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். பல் பிடுங்க இருந்தால் அதை முதலில் முடியுங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதாக இருந்தால் இந்த மருந்து சரிவராது, வேறு வழி உண்டு.

சாப்பாட்டில் முள்ளோடு சூடை, நெத்தலி, குரக்கன், எள்ளு, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் சேருங்கள். தினமும் 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் கிடைக்கவேண்டும். கடலுக்குப் போனவர் இப்போது வீட்டுக்குள்ளேயே இருந்தால் வெயிலும் குறைந்திருக்கும். காலையில் கடற்கரையில் நடக்கட்டும், முதுகு வளைத்துப் பாரம் தூக்கவேண்டாம். அப்புறம், கிணற்றடிப் பாசியை இன்றைக்கே தேய்த்துவிட்டு ஒரு கைபிடிக் கம்பி போடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் பம்மையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். உயரத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.