இங்கிலாந்தின் அசலான சிறு கிராமம் ஒன்றையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஒரே நாளில் பார்க்க எங்கே போகலாம்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியிலுள்ள பைபரி அல்லது காசில் கூம் என்பதாகவே இருக்கும். தேன்நிறக் கல் வீடுகளும் சிறு ஆறும் கொண்ட அவ்வூர்கள் அழகானவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோடைக்கால விடுமுறை நாள்களில் அங்கே ஊர்க்காரர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்; வீதி முழுவதும் என்னையும் உங்களையும் போன்றவர்களே நிற்போம். கேள்வி கேட்டவர் ‘அசலான’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருப்பதால், நாட்டிங்காம் நகரில் வசிக்கும் நான், ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துச் செல்லும் லாக்ஸ்டன் என்ற கிராமத்தைப் பரிந்துரைக்கிறேன். அது நாட்டிங்காம்ஷயரின் வடபகுதியில், ஒல்லர்டன், டக்ஸ்ஃபோர்டு என்ற இரு சிற்றூர்களுக்கு இடையில் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் போனால் லாக்ஸ்டனில் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு தேவாலயம், டவ்கோட் இன் என்ற ஒரு மதுவிடுதி, செங்கல் சுவரும் சிவப்பு ஓட்டுக் கூரையுமாகச் சில பண்ணை வீடுகள், டிராக்டர் போன சாலையில் ஒட்டிக் கிடக்கும் களிமண், இவ்வளவுதான் கண்ணில் படும். ஆனால் வீதியில் நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பண்ணை வீடுகள் அனைத்தும் ஊருக்குள்ளேயே, சாலையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல, முகப்பைத் திருப்பி, முக்கோணப் பக்கச் சுவரைச் சாலைக்குக் காட்டியபடி இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் தொழுவமும் களஞ்சியமும் முற்றமுமாக நீண்டு ஒடுங்கிய மனை இருக்கிறது. இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் விவசாயியின் வீடு அவருடைய நிலத்தின் நடுவில், ஊரைவிட்டுத் தள்ளித் தனியாக நிற்கும். லாக்ஸ்டனில் அப்படி நடக்காமல் போனதற்கான காரணம்தான் இந்த ஊரைப் பார்க்கத் தகுந்ததாக ஆக்குகிறது.

இடைக்காலத்தில் நடு இங்கிலாந்தின் கிராமங்கள் பலவற்றிலும் நிலம் வரப்போ வேலியோ இல்லாத சில மாபெரும் வயல்களாகக் கிடந்தது. ஒவ்வொரு வயலும் நீண்ட குறுகிய பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு குடும்பத்துக்குரிய பட்டைகள் ஒரே இடத்தில் இல்லாமல் எல்லா வயல்களிலும் சிதறியிருந்தன. நல்ல மண், மோசமான மண், மேட்டு நிலம், நீர் தேங்கும் பள்ளம் ஆகிய அனைத்திலும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது. வேலி இல்லாததால் பக்கத்துப் பட்டைக்காரர் கோதுமை விதைத்திருக்கும்போது நான் மட்டும் என் பட்டையில் மாடு மேய்க்க முடியாது. ஆகவே எந்த வயலில் எந்த ஆண்டு என்ன பயிர், அறுவடைக்குப் பின் எந்த நாளிலிருந்து கால்நடைகளை உள்ளே விடலாம் என்பனவற்றையெல்லாம் ஊரே கூடி முடிவு செய்தது. முதலாண்டு குளிர்காலக் கோதுமை, இரண்டாமாண்டு வசந்தத்தில் விதைக்கும் பார்லி அல்லது பயறு வகை, மூன்றாமாண்டு நிலத்துக்கு ஓய்வு என்ற சுழற்சி அதன் அடிப்படை. ஓய்வுக் காலத்தில் மேயும் ஆடுகளின் சாணமே உரம்; களையெடுப்புக்கும் அந்த இடைவெளி தேவைப்பட்டது.

இந்த ஏற்பாடு மற்ற இடங்களில் வேலியடைப்பு என்ற நடவடிக்கையால் அழிந்தது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவற்றால் தனித்தனி உடைமைகளாகப் பிரிக்கப்பட்டது. சிதறிய பட்டைகள் ஒன்றாக்கப்பட்டு உயிர்வேலி வைக்கப்பட்டதும், பெரிய விவசாயிகள் ஊரைவிட்டுத் தங்கள் புதிய நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சொந்த நிலமின்றிப் பொது மேய்ச்சலை நம்பி ஓரிரு மாடுகளை வைத்துப் பிழைத்த ஏழைகள் பலர் கூலிகளாக மாறினார்கள். இன்று நாம் ‘ஆங்கிலேய நாட்டுப்புறம்’ என்று வியந்து படமெடுக்கும் சதுரஞ்சதுரமான பசுமைக் காட்சியில் கணிசமான பகுதி அந்தப் பங்கீட்டின் விளைவு என்பதைப் பயணக் கையேடுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

லாக்ஸ்டன் தப்பியதற்கு ஊராரின் வீரத்தையோ யாருடைய தொலைநோக்கையோ காரணமாகக் காட்ட முடியாது என்றே நினைக்கிறேன். ஊரின் சில பகுதிகள் இங்கும் வேலியடைக்கப்பட்டன. ஆனால் முக்கிய நிலவுடைமை மேன்வர்ஸ் பிரபு குடும்பம், ஸ்கார்பரோ பிரபு குடும்பம் என்று இரு பெரிய கைகளிலும் பல சிறிய கைகளிலும் இருந்ததால் முழுமையான பங்கீடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பிறகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தானிய விலை வீழ்ந்து விவசாயம் நலிந்தபோது, வேலிக்கும் வடிகாலுக்கும் புதிய பண்ணை வீடுகளுக்கும் செலவழிப்பது கட்டுப்படியாகவில்லை. இப்படித் தாமதமும் பணமுடையும் சேர்ந்து காப்பாற்றியவைதான் இன்றும் உழப்படும் சவுத் ஃபீல்ட், மில் ஃபீல்ட், வெஸ்ட் ஃபீல்ட் ஆகிய மூன்று பெரிய வயல்கள். டெவன் மாவட்டத்தின் பிரான்டன், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் தீவுப்பகுதி போன்ற சில இடங்களிலும் பட்டை நிலங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அந்த நிலத்தை ஆளும் ஊர்மன்றமும் சேர்ந்து உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில்தான்.

அந்த மன்றத்துக்குக் கோர்ட் லீட் என்று பெயர். நவம்பர் இறுதியில் ஒரு நாள், அந்த ஆண்டு கோதுமை விதைக்கப்பட்ட வயலை ஊர் விவசாயிகளே உறுப்பினர்களாக உள்ள ஜூரி ஒன்று நடந்தே சுற்றிப் பார்க்கிறது. ஓய்வில் கிடந்து மீண்டும் உழப்பட்ட நிலத்தில்தான் எல்லை மங்கும் என்பதால், ஆண்டுக்கு ஒரு வயல் வீதம் மூன்றாண்டில் மூன்றும் பார்க்கப்பட்டுவிடும். பட்டைகளின் முனையில் பழைய முளைக்குச்சி காணாமல் போயிருந்தால் புதியது அடிக்கப்படுகிறது. யாராவது பக்கத்துப் பட்டைக்குள் ஏரோட்டியிருக்கிறாரா, வண்டிப் பாதையைத் தின்றிருக்கிறாரா, ‘சைக்’ என்று அழைக்கப்படும் புல்தரைக்குள் கலப்பையை இறக்கியிருக்கிறாரா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு டவ்கோட் இன் விடுதியில் மதிய உணவு. அடுத்த வாரம் அதே விடுதியில் மன்றம் கூடுகிறது. நில உடைமையாளரின் சார்பில் ஸ்டூவர்ட் எனப்படும் நிர்வாகி தலைமை வகிக்க, ஜூரி தன் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறது, அபராதங்கள் விதிக்கப்படுகின்றன, அடுத்த ஆண்டுக்கான ஜூரி உறுதிமொழி எடுத்துக்கொள்கிறது. தொகைகள் சிறியவை. ஆனால் அக்கம்பக்கத்தார் அனைவரும் கேட்க ஒருவரின் பெயர் வாசிக்கப்படுவது, அபராதத்தைவிடக் கடுமையான தண்டனை என்பதை ஊர்ப்புறத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதை வேடிக்கைக்காக நடத்தப்படும் சடங்கு என்று கருதிவிடக் கூடாது. 1977ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நீதி நிர்வாகச் சட்டம், நாடெங்கும் பெயரளவில் எஞ்சியிருந்த இத்தகைய பழைய மன்றங்கள் பலவற்றின் வழக்கு விசாரணை அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்தை விட்டுவைத்தது. ஊரில் தெருவில் திரியும் கால்நடைகளைப் பிடித்து அடைக்கும் ‘பவுண்ட்’ என்ற பட்டியும், அதற்குப் பொறுப்பான பிண்டர் என்ற பதவியும் இருக்கின்றன. இன்று பிடிக்கத் திரியும் மாடு எதுவும் இல்லை என்பது வேறு.

மேலே சொன்ன சைக் புல்தரைகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும், ஏனெனில் மே, ஜூன் மாதங்களில் போகிறவர்களுக்கு அவைதான் பெரிய பரிசு. வயலுக்குள் நீர் வடியும் தாழ்வான இடங்களும், கனத்த களிமண்ணில் ஏர் செல்லச் சிரமமான மூலைகளும் காலங்காலமாக உழப்படாமல் புல்லாகவே விடப்பட்டன. செயற்கை உரமும் கலப்பையும் படாததால், மற்ற இடங்களில் அரிதாகிவிட்ட புல்வெளிப் பூக்கள் அங்கே நிறைந்து கிடக்கின்றன. அவை அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாகச் சட்டப் பாதுகாப்பும் பெற்றிருக்கின்றன. அந்தப் புல்லை வெட்டும் உரிமை கோடையில் ஏலம் விடப்பட்டு, அந்த வருவாய் பொது உரிமை கொண்டவர்களுக்குப் பங்காகப் போய்ச் சேர்கிறது.

லாக்ஸ்டனின் இன்னொரு செல்வம் இப்போது லாக்ஸ்டனில் இல்லை. 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் ஊரின் ஒவ்வொரு பட்டையையும் அளந்து வரைந்த மிகப் பெரிய வண்ண வரைபடம், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைகள், யாருடையது எது என்ற விவரம், அவற்றினூடே உழுபவர்களும் வேட்டையாடுபவர்களுமாகச் சிறு உருவங்கள் என்று அதில் இருப்பவற்றைப் பிரதியில் பார்த்தாலே நேரம் போவது தெரியாது. பட்டைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றிணைக்கப்பட்டு அகலமாகிவிட்டதால், இன்றைய வயலில் அத்தனை கோடுகளைத் தேடாதீர்கள். அந்த வரைபடத்தை வரையச் செய்தவர், அப்போது ஊரை விலைக்கு வாங்கியிருந்த லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன். பார்படோஸ் தீவில் 1627இல் ஏற்பட்ட ஆங்கிலேயக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவரும், அதே 1635இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்திய மேற்குக் கரையோடு வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் உரிமை பெற்றவரும் இவரே. மறு ஆண்டு அவர் இறந்துபோனார். கோவாவையும் கரீபியனையும் ஒரே கணக்கேட்டில் வைத்திருந்த ஒருவருக்கு, நாட்டிங்காம்ஷயர்க் களிமண்ணில் யாருக்கு எத்தனை முழம் என்பதும் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஊர் பியர்பான்ட் குடும்பத்திடம், அதாவது பின்னாளில் மேன்வர்ஸ் பிரபுக்கள் ஆனவர்களிடம் வந்தது. 1952இல் அவர்கள் அதை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார்கள். 1981இல் அது அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் வசம் சென்றது. 2020இல் மேன்வர்ஸ் வழியினரோடு தொடர்புடைய தோர்ஸ்பி அறக்கட்டளை அதை மீண்டும் வாங்கியது. விற்பனை பற்றிய பேச்சு எழுந்தபோது பொது வயல்களின் கதி என்னாகுமோ என்ற கவலை இருந்தது. இதுவரை முறை தொடர்கிறது.

தேவாலயத்துக்கு வடக்கே வயல்வழியே சிறிது நடந்தால் நார்மன் காலத்துக் கோட்டை மேடு வரும். கல் கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் மேடும் அகழியும் மிக நல்ல நிலையில் உள்ளன, நாட்டிங்காம்ஷயரில் இவ்வகைக் கோட்டைகளில் இதுவே தலைசிறந்தது. ஷெர்வுட் காட்டின் அரச காவலர்கள் இங்கிருந்துதான் அதிகாரம் செலுத்தினார்கள். அவ்வழியில் வந்த எவரிங்காம் குடும்பத்தினரின் சிலைகள் புனித மைக்கேல் தேவாலயத்தில் கிடத்தப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒரு பெண்ணின் உருவம் ஓக் மரத்தில் செதுக்கப்பட்டது. இம்மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் இடைக்கால மரச்சிலை அது ஒன்றே.

சுற்றுவட்டாரத்தைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். பக்கத்து ஊரான எக்மன்டனின் சிறிய தேவாலயத்துக்குள், 1890களின் இறுதியில் நியூகாசில் கோமகனுக்காக நினியன் காம்பர் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த பொன்னும் வண்ணமுமான மரவேலைப்பாடு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று உள்ளே இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. மேற்கே வெல்லோ கிராமத்தின் புல்வெளியில் மே மாத விழாவில் சுற்றி ஆடுவதற்கான ஓர் உயரமான மேபோல் கம்பம் ஆண்டு முழுவதும் நிற்கிறது. அதைத் தாண்டி ஒல்லர்டனை அடைந்தால் காட்சி மாறிவிடும். அது 1920களில் தோண்டப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தைச் சார்ந்து வளர்ந்து, 1994இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டதைத் தாங்கிக்கொண்ட ஊர். இம்மாவட்டத்தின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி மூடப்பட்டது 2015இல்தான். ராபின் ஹூட் பெயரைச் சொல்லிக் கடைவிரிக்கும் இடங்களும் இப்பக்கம் உண்டு. குழந்தைகள் உடன் வந்தால் போகலாம், இல்லையென்றால் அந்த நேரத்தைச் சவுத்வெல் பேராலயத்துக்குக் கொடுப்பது மேல். அங்கே 13ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் கல்லில் வடித்த ஓக், திராட்சை, ஹாப்ஸ் இலைகளை எந்தத் தாவரம் என்று இனம் கண்டு சொல்லிவிடலாம்.

லாக்ஸ்டனுக்கு அருகிலேயே, வயல்களுக்கு நடுவில், யாரும் எதிர்பாராத ஓரிடம் இருக்கிறது. இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகத்தைப் பார்த்துத் திரும்பிய ஸ்மித் சகோதரர்கள், தங்கள் குடும்பத்தினரோடு சேர்ந்து 1995இல் திறந்த யூத இனப்படுகொலை நினைவு மையம்தான் அது. அவர்கள் கிறித்தவர்கள். இன்று தேசிய மையமாக விளங்கும் அங்கே, இறந்தவர்களின் நினைவாக நடப்பட்ட வெள்ளை ரோஜாக்களின் தோட்டம் உள்ளது. அதைப் பார்த்துவிட்டு உடனே வேறிடம் போக மனம் ஒப்பாது என்பதால், போவதானால் பிற்பகலில், கடைசி இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூவர்க் நார்த் கேட் நிலையத்துக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து லாக்ஸ்டன் சுமார் 12 மைல். பேருந்தை நம்ப வேண்டாம், காரோ டாக்ஸியோ ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது. டவ்கோட் இன் பக்கத்திலுள்ள பார்வையாளர் மையத்தில் பொது வயல் முறையைப் பற்றிய விளக்கங்களைப் படித்துவிட்டு வயலுக்குப் போனால், கண்முன் இருப்பது வெறும் மண்ணாகத் தோன்றாது. முட்டியளவு காலணி கட்டாயம். மழைக்குப் பிந்திய அந்தக் களிமண் சாதாரணக் காலணியைக் கழற்றி வைத்துக்கொள்ளும். பொதுப் பாதையைவிட்டு விலகி விதைத்த பட்டைகளில் கால் வைக்காதீர்கள், ஏனெனில் அவை அங்கே குடியிருக்கும் விவசாயிகளின் அன்றாடப் பிழைப்பு.