பூஜ்ஜியமாக வந்த பரப்பு

கேள்வி: பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் என் மகள், 'எக்ஸ் வர்க்கம் − 4 எக்ஸ் + 3' என்ற வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையே 0 முதல் 3 வரையுள்ள பரப்பைத் தொகையிட்டுப் பார்த்தாள். விடை பூஜ்ஜியம் என்று வந்தது. படத்தில் இடம் தெரிகிறதே, பரப்பு எப்படி இல்லாமல் போகும்?
– ஒரு தாய், அல்சூர், பெங்களூரு.

பதில்: மகளின் தொகையீட்டில் பிழை இல்லை, அம்மா, படத்தைப் பார்த்து ஐயப்பட்டதும் சரியே. வரையறுத்த தொகையீடு என்பது மிக மெல்லிய கீற்றுகளின் கூட்டல். ஒவ்வொரு கீற்றின் உயரமும் சார்பின், அதாவது வளைவரையைத் தரும் அந்தக் கோவையின், மதிப்பு என்பதால், அச்சுக்குக் கீழே இறங்கும் கீற்றுகள் குறை எண்களாகவே கணக்கில் சேர்ந்து, மேலுள்ளவற்றைக் கரைத்துவிடுகின்றன. இந்த வளைவரை எக்ஸ் 0 ஆக இருக்கையில் 3 என்ற உயரத்தில் தொடங்கி, எக்ஸ் 1-இல் அச்சை வெட்டி, 2-இல் −1 என்ற உயரம் வரை தாழ்ந்து, 3-இல் மீண்டும் அச்சுக்கு வந்துசேர்கிறது. ஆகவே 0 முதல் 1 வரை தனியாகத் தொகையிட்டால் 4/3. 1 முதல் 3 வரை −4/3. இரண்டாவதன் குறைக் குறியை நீக்கிக் கூட்டினால், கேட்ட பரப்பு 8/3 சதுர அலகுகள்.

தொகையிடும் முன் சார்பைப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தி, வெட்டுமிடங்களைக் கண்டு, கையாலேயே ஒரு சிறு படம் வரையச் சொல்லுங்கள். நேரம் மிச்சமாகும் என்று பல மாணவர்கள் இதைத் தவிர்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. முழுத் தொகையீட்டின் விடையில் குறியை மட்டும் மாற்றினால் போதாது. இங்கே அது பூஜ்ஜியமாகவே நிற்கும்.