தொகுத்துக் கொடுப்பதும் கடை வேலைதான்: கேள்வி பதில்

பொள்ளாச்சிப் பக்கம் விதை, உரக் கடை வைத்திருக்கிறேன். 2018 முதல் தினமும் காலையில் கடை எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் விவசாயிகளுக்கு ஒரே ஒரு செய்தி போகும். வானிலை மையம், வேளாண் பல்கலைக்கழகம், சந்தை விலை என்று பல இடங்களில் வருவதைப் படித்து, அன்று எங்கள் ஊருக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கீழே இரண்டு வரி என் குறிப்போடு அனுப்புகிறேன். கன்டென்ட் க்யூரேஷன் என்று இதற்குப் பெயராம். நான் தொகுப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். சிறு கடைக்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்தமாக எழுத வராது அண்ணா. பிறர் எழுதியதை அனுப்பினால் வியாபாரம் கூடுமா? (நாற்றுப் பண்ணை, ஓசூர்)

அனுப்பினால் மட்டும் கூடாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். தென்னையில் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகத் தெரிய வந்தது 2016-இல், எங்கள் பொள்ளாச்சியில்தான். இலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டை, மேலே கரும்பூஞ்சாணம், தோப்பே கரி பூசின மாதிரி ஆகிவிடும். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "நல்லா கடுமையான மருந்தா குடுங்க" என்றார்கள். பல்கலைக்கழகத்தின் பரிந்துரை நேர் எதிராக இருந்தது. இந்த ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற சிறு குளவி தோப்பிலேயே பெருகும், ரசாயனம் அடித்தால் முதலில் அதுதான் சாகும், அதனால் அடிக்காதீர்கள் என்றார்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், இலைக்கு அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கரைத்துத் தெளியுங்கள், காய்ந்தால் உரிந்து விழும் என்றார்கள்.

அந்தக் குறிப்பு பல பக்கம். யாரும் படிக்கவில்லை. நான் அதிலிருந்து நான்கு வரி எடுத்தேன். கீழே, "மைதா உங்கள் வீட்டு மளிகைக் கடையிலேயே கிடைக்கும், என்னிடம் வர வேண்டாம். ஒட்டுப்பொறி மட்டும் என்னிடம் இருக்கிறது" என்று எழுதினேன். அந்தப் பருவத்தில் பூச்சிமருந்து விற்பனை குறைந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பு என் கடைப் படி ஏறாதவர்கள் விதை வாங்க வந்தார்கள். "மருந்து வேண்டாம்னு சொன்ன கடைக்காரர் நீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு உங்கள் ஊர் மண்ணும் தண்ணீரும் வீடு வீடாகத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு வரியை நீங்கள் சேர்க்காவிட்டால் அது வெறும் ஃபார்வர்ட். ஓசூரில் ரோஜா நாற்றுக்கும் கோவையில் ரோஜா நாற்றுக்கும் பராமரிப்பு ஒன்றா? அந்த வித்தியாசத்தை எழுதுங்கள். அதற்கு எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை.

பிராட்காஸ்ட் அனுப்பினால் பாதிப் பேருக்குப் போகவே இல்லை. (மளிகை, கரூர்)

ஒரு லிஸ்டில் 256 பேர்தான். அவர்கள் போனில் உங்கள் எண் சேமித்திருந்தால்தான் போகும். பில் போடும்போதே சேமிக்கச் சொல்லுங்கள்.

எந்த நேரத்தில் அனுப்ப வேண்டும்? (பால் பொருள், தாராபுரம்)

உங்கள் வாடிக்கையாளர் போனைக் கையில் எடுக்கும் நேரத்தில். அது எது என்று அவரையே கேளுங்கள்.

ஜவுளியில் உங்களைப் போல தினச் செய்தி ஏது சார்? புது டிசைன் படம் போடுவதைத் தவிர என்ன செய்ய? (கைத்தறிச் சேலை, மதுரை)

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர் கேட்கும் சந்தேகத்தை அப்படியே எழுதுங்கள். "சாயம் போகுமா? இது அசல் பட்டா? கைத்தறியா, பவர்லூமா?" ஒரு மாதத்தில் நோட்டு நிறைந்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நல்ல பதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சில்க் மார்க் சீட்டை எப்படிப் பார்ப்பது, கைத்தறி முத்திரை என்றால் என்ன, மதுரைச் சுங்குடியின் புவிசார் குறியீடு எதைக் குறிக்கிறது, எல்லாவற்றுக்கும் உரிய அமைப்புகளே விளக்கம் வைத்திருக்கின்றன. அதோடு உங்கள் கடைச் சேலை ஒன்றின் முடிச்சை நெருக்கத்தில் படம் எடுத்துச் சேர்த்தால் போதும். கேள்வி வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டும். நம் விருப்பத்திலிருந்து தொடங்கினால் தொகுப்பு வழி தவறிப் போகும்.

செக்கு நல்லெண்ணெய் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று ஒரு மருத்துவர் பேசும் வீடியோ வந்தது. கடை எண்ணிலிருந்து அனுப்பலாமா? (செக்கு எண்ணெய், ஈரோடு)

அனுப்பாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்கும் என்று சொல்லும் மருந்து விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது, அப்படி ஒன்றை வெளியிடுவதில் பங்கெடுப்பதையும் சேர்த்து. உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. "நான் பேசவில்லை, ஃபார்வர்ட்தான் செய்தேன்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். எண்ணெய் விற்கிறவர் எண்ணிலிருந்து போனால் அது எண்ணெய் விளம்பரம்தான். சட்டத்தை விடுங்கள். உங்களை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால்?

பழைய செய்தி எது, புதுசு எது என்று எப்படித் தெரியும்? (பேக்கரி, திருப்பூர்)

தேதியைப் பாருங்கள். இதை இன்று பல முறை சொல்லப் போகிறேன். 2019 நவம்பரில் கன மழை எச்சரிக்கைப் படம் ஒன்று வந்தது. நான் திறந்து பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அது முந்தைய ஆண்டு, கஜா புயல் சமயத்தில் வந்தது. கிணத்துக்கடவுப் பக்கத்து விவசாயி ஒருவர் என் செய்தியை நம்பி இன்னும் பழுக்காத தக்காளியைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனார். கேட்ட விலை கூடை வாடகைக்கே சரியாக இருந்தது. மழை வரவே இல்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து வானிலை மையத்தின் சொந்தப் பக்கத்தில் பார்க்காத மழைச் செய்தி எதையும் அனுப்புவதில்லை.

மூலத்தின் பெயரைப் போட்டால் என் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவாரே அண்ணா? எல்லோரும் லோகோவை வெட்டிவிட்டுத்தானே போடுகிறார்கள்? (அதே பேக்கரி, திருப்பூர்)

எல்லோரும் செய்வதால் அது சரியாகிவிடாது. அடுத்தவர் பெயரை வெட்டுவது திருட்டு.

திருட்டு என்பது பெரிய வார்த்தை. கேக் அலங்கார வீடியோ எல்லோரும் பார்க்கத்தானே போட்டிருக்கிறார்கள்? (பேக்கரி)

பார்க்கப் போட்டார்கள், பெயரை அழிக்கப் போடவில்லை.

நான் படம் எடுக்கிறவன். என் கேக் படத்தை ஏழு கடைகள் தங்கள் கேக் என்று போட்டிருக்கின்றன. ஒரு கடைக்காரர் என்னிடமே அதைக் காட்டி "இதே மாதிரி எடுத்துத் தர முடியுமா" என்றார். (புகைப்படக்காரர், கோவை)

கேட்டீர்களா பேக்கரித் தம்பி? 1957-இன் பதிப்புரிமைச் சட்டப்படி படத்துக்கு, வெளியான பின் 60 ஆண்டு உரிமை உண்டு. பெயர் போட்டாலே அனுமதி கிடைத்ததாகவும் ஆகாது. முழுப் படத்தையோ கட்டுரையையோ நகலெடுக்காமல் லிங்கை அனுப்புங்கள், மேலே உங்கள் கருத்தை எழுதுங்கள். படமே வேண்டும் என்றால் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பலர் சந்தோஷமாகத் தருவார்கள்.

வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயத்துக்கு வருகிறேன். தொகுக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் 4 அடி முதல் 8 அடி வரை என்று அளவு வைத்துப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். புலவர் பெயர் தெரியாத இடத்தில் பாட்டின் தொடரையே பெயராக வைத்தார்கள். "செம்புலப் பெயல்நீர்" பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். பெயர் தெரியாதவருக்குக்கூட ஒரு பெயர் கொடுத்தார்களே தவிர, அந்தப் பாட்டுக்குத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் தொகுத்தவர்கள் மதிப்பு குறைந்துவிட்டதா?

அப்போ நீங்கள் சொல்வதே முரணாக இருக்கிறதே ஐயா? பெயர் தெரியாத பாட்டை அவர்கள் சேர்த்தார்கள். நீங்கள் எங்கிருந்து வந்தது என்று தெரியாததை அனுப்பாதே என்கிறீர்கள். (செக்கு எண்ணெய், ஈரோடு)

நல்ல கேள்வி. பாடியவர் யாரென்று தெரியாவிட்டாலும் பாட்டு கெட்டுப்போகாது, படித்தாலே அதன் தரம் தெரியும். மழை எச்சரிக்கையும் மருந்து அளவும் அப்படி இல்லை. சொன்னது யார் என்பதுதான் அதற்கு உத்தரவாதம். பெயர் இல்லாத மருந்துப் பாட்டிலை நான் விற்பேனா? அதே மாதிரிதான். கோலம், விடுகதை, சமையல் குறிப்பு என்றால் "யார் எழுதியது தெரியவில்லை" என்று போட்டு அனுப்புங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

லோகோ விஷயத்தில் இன்னொன்று... (பேக்கரி)

போதும் தம்பி, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அந்தப் புகைப்படக்காரரிடம் நாலு படம் காசு கொடுத்து எடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை அனுப்பலாம்? (பாத்திரக் கடை, சேலம்)

ஒன்று.

வாரம் எத்தனை ஸ்டேட்டஸ் போடலாம்? (அழகு நிலையம், திருச்சி)

நல்லதாக எத்தனை கிடைக்கிறதோ அத்தனை. கிடைக்காத நாளில் சும்மா இருங்கள். காலை வணக்கப் படம் வேண்டாம்.

சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லலாமா? (சிறுதானியம், தர்மபுரி)

சொல்லலாம். மில்லி, கிராம், தேதி, விலை எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள். முழுதும் படிக்காததை அனுப்பாதீர்கள்.

பண்டிகை நாளில் மட்டும் நாலைந்து போடலாமா? (பாத்திரக் கடை, சேலம்)

மேலே சொல்லிவிட்டேன். ஒன்று.

இதனால் லாபம் வந்ததா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? (நாற்றுப் பண்ணை, ஓசூர்)

"செய்தியைப் பார்த்துட்டு வந்தேன்" என்று சொல்கிறவர் பில்லின் மூலையில் ஒரு டிக். மாதக் கடைசியில் எண்ணுங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன், விலைப் பட்டியலைவிட நோய்க் குறிப்பு அனுப்பிய நாள்களில்தான் டிக் அதிகம்.

விளம்பரச் செலவுக்கு ஜிஎஸ்டி... (மளிகை, கரூர்)

ஆடிட்டரைக் கேளுங்கள்.

போன வருட வீடியோ, ஆனால் நல்ல தகவல். அனுப்பலாமா? (சிறுதானியம், தர்மபுரி)

எந்த வருடம் என்று முதல் வரியில் எழுதி அனுப்புங்கள். தேதியை மறைக்காதீர்கள்.

அண்ணா, நான் கடைக்காரன் இல்லை, ஆனைமலையில் 60 தென்னை இருக்கிறது. அந்த மைதாக் கரைசலைக் குருத்து வரை அடிக்கணுமா?

கரும்பூஞ்சாணம் படிந்திருக்கிற இலைகளுக்கு அடித்தால் போதும். முதலில் நாலைந்து மரத்தின் மட்டையை இலைக்கு அடியில் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். குளவி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.